மேதாவி தட்டிய கதவு

விசிட்டிங் கார்டைப் படித்து முடித்ததும் வரவேற்பறைப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"நீங்கதான் அந்த டிடெக்டிவா சார்? உட்காருங்க. இவங்க உங்க வீட்டுக்காரங்களா?"

"என் அண்ணி."

"ஓ, கூட வந்திருக்காங்களா. அந்தப் பெஞ்சுல உட்காரச் சொல்லுங்க சார்." சொல்லிவிட்டு மேஜை விசிறியை அவன் பக்கம் திருப்பிவைத்தாள்.

கொழுந்தன் நெளிந்தான். கார்டை அச்சடித்தவன் அவன்தான். "குற்றவியல் நிபுணர். புலனாய்வு வல்லுநர். எந்த மர்மத்தையும் இருபத்து நான்கு மணி நேரத்தில் விடுவிப்பவர்" என்று தங்க நிற எழுத்தில் மூன்று வரி. உண்மையில் அவனுடைய உத்தியோகம் அண்ணிக்கு வண்டி ஓட்டுவது, எதிராளிக்குப் பேச்சுக் கொடுப்பது, அண்ணி சொன்னதைக் குறித்துக்கொள்வது. மர்மத்தை விடுவிக்கிற சில்லறை வேலை மட்டும் அண்ணியுடையது. அந்த அண்ணி இப்போது காற்று வராத பெஞ்சில் போய் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக முடிந்ததில்லை.

மணி இரண்டரை. விசாரணை நான்குக்கு.

அவர்களை வரவழைத்த பெண்மணி மாடிப்படியில் இறங்கி வந்தார். அது லிஃப்ட் செய்கிற கம்பெனி. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அங்கே எல்லோருமே படியில்தான் இறங்கினார்கள். இவர் அந்தக் கம்பெனியின் கையேடுகளை எழுதுகிறவர். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மெக்கானிக்குகளுக்கு எழுதியே இருபது வருடம் ஓட்டியிருந்தார். எதையும் மூன்று தடவை விளக்கிச் சொல்லுவதால் டீச்சர் என்று பட்டப்பெயர். இன்று டீச்சரின் கண்கள் சிவந்திருந்தன.

"என்னை இன்னிக்கு அனுப்பிடுவாங்க" என்றார். "வேலை போனாக்கூடப் பரவாயில்ல. தப்பான அளவைப் போட்டு ஒரு ஆளோட காலை உடைச்சவள்னு பேர் வாங்கிட்டு வெளிய போனா, எனக்கு ஒரு ஃபார்ம் எழுதற வேலைகூட எங்கயும் கிடைக்காது."

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

டீச்சர் சொன்னார். கம்பெனியில் ஆறு மாதமாக ஒரு செயற்கை அறிவு வேலை பார்க்கிறது. வெளியே போகும் மெக்கானிக் செல்போனில் கேள்வி கேட்டால், கம்பெனியின் தாள்களையெல்லாம் தேடிப் பார்த்து அது பதில் சொல்லும். ஊழியர்கள் அதற்கு மேதாவி என்று பெயர் வைத்திருந்தார்கள், பாதி மரியாதையாக, பாதி கடுப்பாக. செவ்வாய்க்கிழமை ஒரு மெக்கானிக் புது மாடல் லிஃப்ட் ஒன்றின் பிரேக்கில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டான். கையேட்டின்படி 0.3 மில்லிமீட்டர். மேதாவி 0.7 என்றது. அவன் அப்படியே வைத்துவிட்டு, தானே ஏறி ஓட்டிப் பார்த்தான். நிற்க வேண்டிய மாடியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போன லிஃப்ட் திடுக்கென்று நின்றது. அவனுடைய கணுக்கால் முறிந்துவிட்டது.

"மேதாவி சொந்தமா எதுவும் சொல்லாது, கையேட்டுல இருந்ததைத்தான் சொல்லியிருக்கும்னு எம்.டி. சொல்றார். அதுக்கு ஏத்த மாதிரி நானும் ஒரு காரியம் பண்ணித் தொலைச்சிருக்கேன். விபத்து நடந்து ஒரு மணி நேரத்துல அந்தப் பக்கத்தைத் திறந்து, சிவப்புக் கட்டம் போட்டு, 'கவனம்'னு சேர்த்தேன். பயத்துல. பக்கத்தை மாத்தின நேரத்தைக் கம்ப்யூட்டர் குறிச்சு வெச்சிருக்கு. என்ன மாத்தினேன்னு குறிக்கல."

"பழைய அச்சுப் பிரதி?"

"காகிதத்தை மிச்சம் பண்றோம்னு நிறுத்திட்டாங்க."

"பிரமாதம்" என்றான் கொழுந்தன். "ரத்தத்தைத் துடைச்ச கையோட நின்னவங்க கட்சிக்காரர். கத்தி அவங்களுதில்லன்னு நாம நிரூபிக்கணும்."

அண்ணி அவனைக் கண்டுகொள்ளவில்லை. "டீச்சர், பக்கத்துல என்ன இருந்துச்சுங்கறது இருக்கட்டும். மேதாவி அந்தப் பக்கத்தைப் பார்த்துச்சா?"

டீச்சர் திருதிருவென்று விழித்தார். "பார்க்காம எப்படிப் பதில் சொல்லும்?"

"பார்க்காம பதில் சொல்றவங்களோட நான் தினமும் வண்டில வரேன்."

கொழுந்தன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

மேதாவியை மேய்க்கிற பையன் கீழ்த்தளத்தின் கடைசி அறையில் இருந்தான். அங்கே போகிற வழியில் ஒரு பெரிய பூட்டுப் போட்ட கதவும் அதன் பக்கத்தில் பளபளவென்று ஒரு கல்வெட்டும் இருந்தன. கல்வெட்டைக் கண்டால் உரக்கப் படிக்காமல் கொழுந்தனால் தாண்ட முடியாது.

"'நம் நிறுவனத்தின் அறிவுப் பெருங்கடல் இது. லிஃப்ட் பற்றிய எந்தக் கேள்விக்கும் முழுமையான, நம்பகமான விடை இங்கே உண்டு. இந்த வாசலுக்கு வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.' பூட்டியிருக்கே அண்ணி. நாம வெறுங்கையோட திரும்பினா சரித்திரத்துல இடம் உண்டா?"

"உள்ள என்ன இருக்கு டீச்சர்?" என்று கேட்டாள் அண்ணி.

"காப்பகம். நிறுத்திட்ட பழைய மாடல்களோட தாள். பதினஞ்சு வருஷத்துக்கு முந்தினது எல்லாம். கம்ப்யூட்டர்லயும் ஏத்தி வெச்சிருக்காங்க. யாரும் வர்றதில்ல."

அண்ணி பூட்டை ஒரு தடவை பார்த்தாள். அதில் நல்ல தூசு இருந்தது.

கடைசி அறைக்காரனைக் கம்பெனியே ஹெட்போன் என்றுதான் அழைத்தது. அது அவன் கழுத்திலிருந்து இறங்கி யாரும் பார்த்ததில்லை. விசாரணைக்காக அவன் தயார்செய்திருந்த காகிதத்தை நீட்டினான். மெக்கானிக்கின் கேள்வி ஒரு வரி, மேதாவியின் பதில் ஒரு வரி.

"நடுவுல?" என்றாள் அண்ணி.

"நடுவுலன்னா?"

"கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல அது எங்கெங்க போச்சு?"

"அது இருக்கு. யாரும் கேட்கலையே" என்றான் ஹெட்போன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவதில் அவனும் மேதாவியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நாலு தட்டுத் தட்டினான். திரையில் நாலு வரி வந்தது. அண்ணி குனிந்து படித்தாள், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

"இதுல கையேடுங்கற பேரே இல்லையே."

"ஆமா. இது கையேட்டுப் பக்கமே போகல. வேற கருவியில தேடியிருக்கு."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான்.

"அந்த வீட்டுக்குள்ளயே போகாதவன், அந்த வீட்டு அலமாரியைத் திறந்தான்னு ஒரு கேஸ்" என்றான். "எனக்குப் பிடிச்சிருக்கு."

"கருவின்னா என்ன தம்பி?" அண்ணி ஹெட்போனைக் கேட்டாள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவன் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆறு மாதமாகக் காத்திருந்தவன் போலத் தெரிந்தது. "மேதாவிக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது மேடம். அது முன்னாடி மூணு கதவு இருக்குன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு கதவுலயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், இது என்ன கதவு, எதுக்குத் திறக்கணும்னு. கேள்வி வந்ததும் அது சீட்டைப் படிக்கும். எது பொருத்தம்னு தோணுதோ அந்தக் கதவைத் திறக்கும். சீட்டுல இருக்கறதுதான் அதுக்கு வேதம்."

"அந்தச் சீட்டை யார் எழுதறது?"

"அந்தந்த இலாகாவுல எழுதித் தருவாங்க. நான் ஒட்டறதோட சரி."

அண்ணி கைப்பையிலிருந்து மூன்று வெள்ளைத் தாள்களை எடுத்தாள். "தம்பி, நீ மூணு சீட்டையும் எழுத்து மாறாம இதுல எழுது" என்று கொழுந்தனிடம் கொடுத்தாள். அவன் திரையைப் பார்த்து எழுதினான். மூன்றாவதை எழுதும்போது பேனா ஒரு விநாடி நின்றது. இந்தப் பாட்டை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை. எழுதி முடித்ததும் அண்ணி தாள்களை வாங்கி ஹெட்போனிடம் நீட்டினாள்.

"ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி, அதை எழுதினது யாருன்னு எழுதிக் கொடு. அவங்க சொன்னதை அப்படியே எழுது."

அவன் எழுதினான். அண்ணி படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் இரண்டாவது தாளின் பின்புறத்தைப் படித்தபோது டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பார்வை கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை. தாள்கள் கைப்பைக்குள் போயின. ஜிப் மூடியது.

"என்ன எழுதியிருக்கான்?"

"நீ இருபத்து நாலு மணி நேரத்துல எதையும் விடுவிக்கறவனாச்சே. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, யோசி."

நான்கு மணிக்கு, இவர்கள் ஹெட்போனையும் கூட்டிக்கொண்டு காத்திருந்த விசாரணை அறைக்குள் எம்.டி. நுழைந்தார். பின்னாலேயே ஒரு தடித்த கோப்புடன் மனிதவள அதிகாரி வந்தார். தலைவலிக்காரர் போல எப்போதும் நெற்றியைச் சுருக்கியே வைத்திருக்கும் பெண்மணி. கோப்பின் மேலாக டீச்சரை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் தட்டச்சுச் செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, ஏற்கெனவே தயாராக இருந்தது. விசாரணை என்பது அந்த இடத்தை நிரப்புவதற்கான சடங்கு.

"பத்து நிமிஷம் தரேன்" என்றார் எம்.டி., கொழுந்தனைப் பார்த்து.

"எனக்கில்ல சார், அவங்களுக்கு" என்றான் அவன்.

அண்ணி மூன்று தாள்களையும் மேஜையில் வரிசையாக வைத்தாள், எழுதிய பக்கம் மேலே தெரிய. "சார், ஒரு சின்ன விளையாட்டு. நீங்க மேதாவி. கம்பெனியைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"சுலபம்" என்றான் கொழுந்தன். அண்ணி மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

"மூணு கதவு இருக்கு. மெக்கானிக் லிஃப்ட் பிரேக்குக்கு எவ்வளவு இடைவெளின்னு கேட்கறான். சீட்டைப் படிச்சுட்டு எந்தக் கதவைத் திறப்பீங்க?"

எம்.டி. முதல் தாளை எடுத்தார். அதில் இருந்தது: "உதிரிபாகங்களின் எண்ணும் இருப்பும் மட்டும். ரிப்பேர் செய்வது எப்படி என்று கேட்டுக்கொண்டு யாரும் இங்கே வர வேண்டாம்."

"ஸ்டோர்காரர் எழுதினது" என்றான் ஹெட்போன். "அந்தக் கதவுல மேதாவி இதுவரைக்கும் ஒரு தப்புக்கூடப் பண்ணினதில்ல."

"சிடுமூஞ்சி" என்று எம்.டி. அதை ஒதுக்கினார். இரண்டாவது தாளில் இரண்டே வார்த்தை: "கையேடு தேடல்." அதையும் கீழே வைத்தார். மூன்றாவதைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"லிஃப்ட் பற்றிய எந்தக் கேள்விக்கும் முழுமையான, நம்பகமான விடை இங்கே உண்டு. இந்த வாசலுக்கு வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. இதுதான். இதைத்தான் திறப்பேன். எந்தக் கேள்விக்கும்னே போட்டிருக்கே. எழுதினவன் விஷயம் தெரிஞ்சவன்."

"நீங்கம்மா?"

மனிதவள அதிகாரியும் அதையேதான் காட்டினார்.

கொழுந்தனுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. தூசு படிந்த பூட்டும் பளபளத்த கல்வெட்டும் கண் முன்னால் வந்து நின்றன. வாயைத் திறந்தான், மேஜைக்கு அடியில் அண்ணியின் கால் இன்னும் அங்கேயே இருந்ததால் மூடிக்கொண்டான்.

"மேதாவியும் அதைத்தான் சார் திறந்துச்சு. உங்களை மாதிரியே" என்றாள் அண்ணி. "உள்ள இருந்தது பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின மாடலோட தாள். அந்த மாடலுக்கு 0.7 சரி. அது தேடினதுலயும் தப்பில்ல, படிச்சதுலயும் தப்பில்ல, திறந்த கதவுதான் தப்பு. கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

எம்.டி. தாளைத் திருப்பினார். ஹெட்போனின் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: "எம்.டி. சார் காப்பகத் திறப்பு விழாவில் பேசியது. முதல் வரியை விட்டுவிட்டு மற்றதை அப்படியே போடச் சொன்னார்."

பேசியவர்களுக்குத் தங்கள் பேச்சு நினைவில் நிற்பதில்லை. அது கேட்டவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. கல்வெட்டின் திரையை விலக்கியவர் இவர்தான். விலக்கினாரே தவிரப் படிக்கவில்லை.

"மேடைப் பேச்சை வரிக்கு வரி நம்பின ஒரே ஜீவன் அந்த மேதாவிதான்" என்றான் கொழுந்தன். இந்தத் தடவை அண்ணி மிதிக்கவில்லை.

எம்.டி. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கே உரிய வேகத்தில் தேறியும் விட்டார்.

"ஆகக்கூடி மெஷின் தப்பு. யார் மேலயும் குத்தமில்ல. அப்படியே எழுதி ஃபைலை மூடிருங்க. டீச்சர், நீங்க வேலையைப் பாருங்க, போங்க."

கொழுந்தனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. கட்சிக்காரர் தப்பித்தார், கேஸ் முடிந்தது, மணி நாலே கால். எழுந்தே விட்டான். அண்ணி எழவில்லை. அவள் டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரும் எழவில்லை. மேஜையில் திருப்பப்படாமல் கிடந்த இரண்டாவது தாளை எடுத்து, பின்பக்கத்தைப் பார்க்காமலே அதிகாரியின் கோப்பின் மேல் திருப்பிவைத்தார்.

"இதை நான்தான் எழுதினேன்."

பின்பக்கத்தில் இருந்தது: "டீச்சர். சுருக்கமா இருக்கேன்னு கேட்டேன். கையேடுன்னா எதுன்னு யாருக்குத் தெரியாது என்றார்."

"மெக்கானிக்குக்குத் திருகைப் பத்தி மூணு தடவை எழுதற நான், இதுக்கு ரெண்டு வார்த்தைதான் எழுதினேன்" என்றார் டீச்சர். "இந்தக் கம்பெனியில எல்லாருக்கும் தெரியும், அதனால அதுக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன். புது மாடல் எல்லாம் இதுலதான்னு ஒரு வரி போட்டிருந்தா, உங்க பேச்சையும் தாண்டி அது என்கிட்ட வந்திருக்கும். அந்த மெக்கானிக் பையன் கால்ல பாதி எலும்பு என் கணக்கு."

"அதான் முடிஞ்சு போச்சேம்மா" என்றார் எம்.டி. பதற்றமாக.

"முடியல சார். முப்பத்தெட்டு மெக்கானிக் இந்த நிமிஷம் வெளிய வேலையில இருக்காங்க. மெஷின் தப்புன்னு மூடிட்டா, அந்த ரெண்டு சீட்டும் அந்த ரெண்டு கதவுல அப்படியே இருக்கும். என் ரெண்டு வார்த்தைக்கு நான் கையெழுத்துப் போடறேன். உங்க ரெண்டு வரிக்கு நீங்க போடுங்க. அப்புறம் என்னை அனுப்பறதுன்னா அனுப்புங்க."

எம்.டி. மனிதவள அதிகாரியைப் பார்த்தார். அந்த அம்மாள் நெற்றிச் சுருக்கத்தை மாற்றாமல் கோப்பைப் புரட்டினார்.

"விதிப்படி பார்த்தா, இவங்களை நீக்கினா இன்னொருத்தரையும் நீக்கணும் சார். ரெண்டு கடிதம் அடிக்கட்டுமா?"

நீக்கும் கடிதம் நாலாக மடிந்து குப்பைக்கூடைக்குப் போனது. அதற்குப் பதிலாக இருவருக்கும் ஒரே வாசகத்தில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு எழுதப்பட்டு, இருவரும் கையெழுத்திட்டார்கள். எம்.டி.யின் கையெழுத்து மேடைகளில் போடுவதை விடச் சிறியதாக இருந்தது.

அதன் பிறகுதான் உண்மையான வேலை நடந்தது. ஹெட்போன் கணினியைக் கொண்டுவந்தான். டீச்சர் தன்னுடைய கதவுக்கான சீட்டை எழுத உட்கார்ந்தார்.

"வேலைக்குப் புதுசா வந்தவனுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க" என்றாள் அண்ணி. "உள்ள என்ன இருக்கு, எப்ப வரணும், என்ன இல்ல. அந்த ஸ்டோர்காரர் கொஞ்சம் மரியாதையாப் பேசினா எப்படி இருக்குமோ அப்படி."

டீச்சர் எழுதினார்: "இப்போது ஓடும் எல்லா மாடல்களின் கையேடுகள். பொருத்துவது, பழுது பார்ப்பது, அளவுகள் பற்றிய கேள்விக்கு முதலில் இங்கே தேடவும். மாடல் எண் தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு வரவும். நிறுத்தப்பட்ட மாடல்கள் இதில் இல்லை."

காப்பகச் சீட்டை எம்.டி. தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. "நம் பெருமைமிகு" என்று ஆரம்பித்தார். டீச்சர் சிவப்புப் பேனாவால் அதை அடித்தார். எம்.டி. மீண்டும் எழுதினார்: "நிறுத்தப்பட்ட பழைய மாடல்களின் தாள்கள். இப்போது ஓடும் லிஃப்டுக்கு இதிலிருந்து எந்த அளவையும் எடுக்கக் கூடாது." எழுதி முடித்ததும் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

ஹெட்போன் இரண்டையும் ஏற்றிவிட்டு, மெக்கானிக் கேட்ட அதே கேள்வியை எழுத்து மாறாமல் கேட்டான். எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். மேதாவி கையேட்டுக் கதவைத் திறந்தது. பக்கம் 112. இடைவெளி 0.3 மில்லிமீட்டர். கீழே, சிவப்புக் கட்டத்தில் இருந்ததையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னது: கவனம், சரிபார்க்காமல் யாரும் ஏற வேண்டாம்.

டீச்சர் அழுதுவிட்டார். ஹெட்போன் கழுத்திலிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

கீழே வந்தபோது வரவேற்பறைப் பெண் மறுபடியும் கொழுந்தனைப் பார்த்துதான் எழுந்தாள். "கண்டுபிடிச்சிட்டீங்களா சார்? முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

அவன் பதில் சொல்லுவதற்குள் அண்ணி மேஜையில் கிடந்த அவனுடைய கார்டை எடுத்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவைத் திறந்து நின்றபடியே எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"வண்டி ஓட்ட, பேச்சுக் கொடுக்க, சொன்னதைக் குறித்துக்கொள்ள இவரைக் கூப்பிடவும். இதில் இவரை மிஞ்ச ஆளில்லை. மர்மங்கள் இவரிடம் இல்லை. அதற்குப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கவும்."

"அந்த ரெண்டாவது வரியை மட்டும் தங்க நிறத்துல அடிச்சுக்கலாமா அண்ணி?" என்றான் அவன்.

வரவேற்பறைப் பெண் கார்டை இரண்டு முறை படித்தாள். அப்புறம் அண்ணியைப் பார்த்தாள், காலியாகக் கிடந்த பெஞ்சைப் பார்த்தாள். குனிந்து மேஜை விசிறியை அண்ணி நின்ற பக்கம் திருப்பிவைத்தாள்.